அன்பழகனுக்கு ஒதுக்கிய கால் மணி நேரம்

சுறாப்புட்டு வாங்கித் தருவதாகச் சொன்ன ஆள் இல்லாத ஊரில் போய் இறங்கினேன். கடலூருக்கு நான் வருவது இதுதான் முதல் முறை. ஆனால் பினாங்கில் உட்கார்ந்தபடியே இந்த ஊரின் சந்து பொந்தெல்லாம் எனக்குத் தெரியும். அன்பழகன் சொல்லிச் சொல்லித் தெரியும். ஞாயிற்றுக்கிழமை தோறும் போனில் அழைப்பான். சண்டை போடத்தான்.

நாங்கள் இருவரும் ஒரே கடலைப் பற்றி எழுதுகிறவர்கள். இந்தக் கரையிலிருந்து மலாக்காவுக்கும் கடாரத்துக்கும் துணி ஏற்றிப் போன வணிகர்களைப் பற்றி நான் எழுதுகிறேன். அந்தக் கப்பல்களில் பாய் இழுத்தவர்களைப் பற்றி அன்பு எழுதினான். கடலூர் முதுநகருக்கு அப்பால் ஒரு மீனவக் குப்பத்தில் பிறந்து, கல்லூரி ஆசிரியரானவன். "உங்க செட்டியாருங்க துணி வித்தாங்க, சரி. கப்பல யாரு ஓட்டுனா? அவுங்க வீட்டுக் கணக்குப்பிள்ளையா?" என்று கேட்பான். பத்து வருடப் பழக்கத்தில் ஒரு தடவையாவது நான் சொன்னதை ஒப்புக்கொண்டிருக்கிறானா என்று யோசித்துப் பார்த்தேன். இல்லை.

சிதம்பரத்தில் ஒரு கூட்டம் ஏற்பாடாகியிருந்தது. புதிதாக மூன்று வரலாற்று நூல்கள், மூன்று ஆசிரியர்கள். ஒவ்வொருவரும் மற்றவர் நூலைப் பற்றிப் பேச வேண்டும். பேசி முடித்ததும் நூலாசிரியர் எழுந்து பதில் சொல்லக் கால் மணி நேரம். என் நூலைப் பற்றிப் பேராசிரியர் ஞானசேகர் பேசுவார். அவர் நூலைப் பற்றி அன்பு. அன்புவின் 'பாய் இழுத்தவர்கள்' நூலைப் பற்றி நான். அழைப்பிதழ் அச்சாகி வந்த வாரத்தில் ஒரு காலை டீ குடித்துக்கொண்டிருந்த அன்பு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தான். ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ கிளம்பும் முன்பே முடிந்துவிட்டது.

கருமாதி முடிந்து சில நாள் கழித்துத்தான் நான் வந்து சேர்ந்தேன்.

திருப்பாதிரிப்புலியூரில் விடுதி. பெட்டியை அறையில் போட்டுவிட்டு நேராகத் துக்க வீட்டுக்குக் கிளம்பினேன். ஆட்டோ வேண்டும் என்று கேட்டதும் விடுதி மேலாளர் எங்கே, எதற்கு என்று விசாரித்தார். சொன்னேன். நான் நீட்டிய அறைச் சாவியை அவர் திரும்ப என் கையிலேயே கொடுத்தார்.

"வெள்ளிக்கிழமையில துக்கம் கேக்கப் போவாங்களாம்மா? நாளைக்குப் போங்க. அந்த வீட்டுப் பொம்பளைங்க மனசு சங்கடப்படும்."

எங்கள் ஊரிலும் இந்த வழக்கம் உண்டுதான். விமானத்தில் ஏறி இறங்கியதில் எனக்குக் கிழமை தவறிப் போயிருந்தது. இவ்வளவு தூரம் வந்தும் ஒரு நாள் தள்ளி நிற்க வேண்டியிருந்தது. எரிச்சலாக வந்தது. யார் மேல் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

போக இடமில்லாமல் முதுநகருக்குப் போனேன். அன்பு சொன்ன கடை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் அவன் சொன்ன அடையாளத்திலேயே இருந்தது. சுறாப்புட்டும் இருந்தது. இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய், உதிர்த்த சுறா, மேலே கருவேப்பிலை. எங்கள் ஊர் நாசி கண்டார் சோற்றுக் கடையில் வரிசையில் நின்று வாங்கும் மீன் தலைக் கறியைவிட உயர்த்தியாக எதுவும் இருக்க முடியாது என்று அவனிடம் வீம்பு பேசியிருக்கிறேன். இது உயர்த்தியாகத்தான் இருந்தது. அதுதான் தாங்கவில்லை. "தோத்துட்டேன்" என்று சொல்வதற்கு ஆள் இல்லை. கடைக்காரர் இன்னும் கொஞ்சம் சாதம் போடட்டுமா என்று கேட்டார். தலையை ஆட்டினேன். வேண்டும் என்றா, வேண்டாம் என்றா என்று அவருக்கும் புரியவில்லை.

சாப்பிட்டுவிட்டு மீன்பிடித் துறைமுகத்துக்கு நடந்தேன். உப்பனாற்றில் விசைப்படகுகள் நெருக்கிக்கொண்டு நின்றன. எனக்கு அவை வேண்டாம். நான் தேடியது புதுப் படகு.

காரணம் இருக்கிறது. அன்புவின் நூலில் கடைசி அத்தியாயம் ஒரு துணியைப் பற்றியது. அவன் குப்பத்தில் புதுப் படகைத் தண்ணீரில் இறக்கும்போது அணியத்தில், அதாவது படகின் முன்மூக்கில், கரை போட்ட ஒரு துண்டுத் துணியைக் கட்டுவார்கள். துணிக் கப்பலில் போன மாலுமிகளுக்குக் கூலியோடு துணியும் கொடுத்தார்கள், அந்த ஞாபகம்தான் இது என்று அவன் எழுதியிருந்தான். படித்ததும் போனில் பிடித்துக்கொண்டேன். "கோயில் மரத்துல கூடத்தான் துணி கட்டுறாங்க. அந்த மரமும் மலாக்கா போயிட்டு வந்துச்சா?"

அவன் சிரித்தான். "நல்ல கேள்வி, மலாக்கா மேடம். எங்கிட்ட பதில் இருக்கு. போன்ல சொல்ல மாட்டேன். சிதம்பரத்துல சபையில வச்சு உங்க மூக்க உடைக்கிறேன்."

அவன் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு அது.

ஒரு ஃபைபர் படகு, பெயின்ட் வாசனை போகாதது, மணலில் கிடந்தது. அணியத்தில் மஞ்சள் கரை போட்ட துணி. பக்கத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்தவரிடம் இதை ஏன் கட்டுகிறீர்கள் என்று கேட்டேன்.

"புது போட்டுக்குக் கட்டுவாங்க."

"அதான், எதுக்கு?"

"எங்க மாமா போட்டுக்கும் கட்டுனாங்க. இதுக்கும் கட்டுனோம்."

"கட்டாம விட்டா?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "கட்டாம எப்பிடிம்மா விடுவாங்க?"

அன்புவின் பதில் இங்கே கிடைக்கும் என்று நினைத்து வந்தது அசட்டுத்தனம் என்று அப்போதே தெரிந்தது.

சனிக்கிழமை அந்த வீட்டுக்குப் போனேன். அன்புவின் மனைவி மல்லிகாவை வீடியோவில்தான் பார்த்திருக்கிறேன். கூட்டுறவு வங்கியில் வேலை. எங்கள் சண்டைக்கு நடுவே முகத்தை நீட்டி, "அக்கா, இவருக்கு இட்லி ஆறுது, சீக்கிரம் தோத்துப்போங்க" என்பாள். என்னைப் பார்த்ததும் கையைப் பிடித்துக்கொண்டாள். இரண்டு பேரும் அழுதோம். கூடத்தில் படம், படத்துக்கு முன் விளக்கு. சுவர் ஓரமாகப் பாயில் அன்புவின் அம்மா படுத்திருந்தார். அவர் அழவில்லை. நான் யார் என்று மல்லிகா சொன்னபோது, "சண்ட போடுற அம்மாவா?" என்று மட்டும் கேட்டார்.

நான் அங்கே இருக்கும்போதே கூட்டத்தின் அமைப்பாளர் போன் செய்தார். நாளைக்கு எப்படியும் வந்துவிடுங்கள் என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நீங்க ரொம்பக் கறாரா விமர்சனம் பண்ணுவீங்கன்னு தெரியும் மேடம். ஆனா இப்ப நிலைமை வேற. நாலு நல்ல வார்த்தை சொல்லி முடிச்சிடலாம். இறந்தவர குறை சொன்னா நல்லா இருக்காது" என்றார். அவர் சொன்னது நியாயம்தான். சரி என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மல்லிகாவுக்கு எல்லாம் கேட்டிருந்தது. டீயை என் முன்னால் வைத்தாள்.

"நாலு நல்ல வார்த்தையா?"

"அவர் சொல்றதும் சரிதானே மல்லிகா."

"இல்லக்கா." உட்கார்ந்தாள். "நீங்க கேட்ட கேள்விய நெனச்சு நெனச்சு அவுரு வீட்ல நடந்துக்கிட்டே இருந்தாரு. குளிக்கும்போது சிரிப்பாரு. 'பொம்பள சரியான எடத்துல கைய வச்சா'ம்பாரு. அவ்ளோ சந்தோஷம். அந்தக் கேள்விய நாளைக்கு நீங்க கேக்கணும். பரிதாபப்பட்டுப் பாராட்டிட்டு எறங்குனீங்கன்னா, அது புஸ்தகமா இருக்காது. கருமாதிப் பத்திரிகையோட சேந்துரும்."

"பதில் சொல்ல அவன் இல்லையே."

"இல்லதான்" என்றாள்.

நான் கேட்கக் கூடாததைக் கேட்டேன். அந்தப் பதில் என்னவென்று அவளிடம் சொன்னானா? எங்கேயாவது குறித்து வைத்தானா? மேடையில் பேசப்போவதை அன்பு ஒருநாளும் எழுதி வைத்துக்கொள்ள மாட்டான் என்று எனக்கே தெரியும். எழுதினால் பேச்சு செத்துப்போகும் என்பான். இருந்தாலும் கேட்டேன்.

"எழுதல. நானும் கேட்டேன், எங்கிட்டயாவது சொல்லுங்கன்னு. 'உங்கிட்ட சொன்னா நீ அக்காகிட்ட சொல்லிடுவ'ன்னுட்டாரு."

சொல்லியிருப்பாள்தான்.

கிளம்ப எழுந்தேன். மல்லிகா நாளைக்கு வர முடியாது. மூன்று மாதத்துக்கு வாசற்படி தாண்டக் கூடாது என்று மாமியார் சொல்லியிருக்கிறார். அவள் தோளைத் தொட்டுவிட்டுத் திரும்பினேன். வாய் தானாக "போயிட்டு வரேன்" என்றது.

பாயில் படுத்திருந்த அம்மா சட்டென்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. துக்க வீட்டிலிருந்து சொல்லிக்கொள்ளாமல்தான் கிளம்ப வேண்டும். வருகிறேன் என்றால் இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்று ஆகிவிடும். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்தது எனக்கு அந்த நேரத்தில் மறந்துபோயிற்று. "பரவால்லக்கா" என்று மல்லிகா மெதுவாகச் சொன்னாள். தலை நிமிராமல் இறங்கி வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை சிதம்பரம் பஸ். பக்கத்து இருக்கையில் அண்ணாகிராமத்துக்காரர் ஒருவர், காலுக்கடியில் சாக்கில் கட்டிய பலாப்பழம். அதற்கு லக்கேஜ் டிக்கெட் எடுக்க வேண்டும் என்று கண்டக்டர். "மடியில வச்சுக்கிறேன், கொழந்தைக்கு டிக்கெட் கேப்பியா?" என்று இவர். பஸ் முழுக்கச் சிரித்தது. எங்கள் ஊர் பஸ்ஸில் டுரியான் பழத்தோடு ஏற விடமாட்டார்கள், வாசனைக்கு. இங்கே பலாப்பழ வாசனையில் பஸ்ஸே மணந்தது. யாரும் மூக்கைப் பிடிக்கவில்லை.

புதுச்சத்திரம் தாண்டியதும் டயர் பஞ்சர். எல்லாரும் இறங்கிப் புளியமர நிழலில் நின்றோம். வேலை சீக்கிரம் முடிகிற மாதிரித் தெரியவில்லை. அண்ணாகிராமத்துக்காரர் கத்தியை எடுத்துப் பழத்தை அங்கேயே வகுந்தார். கண்டக்டருக்குத்தான் முதல் சுளை. எனக்கும் இரண்டு கொடுத்தார்.

"வெளியூரா? இன்னா வேலை பாக்குறீங்க?"

"சரித்திரம் எழுதுறேங்க. அந்தக் காலத்துல இங்கேர்ந்து கப்பல்ல போனவங்களப் பத்தி."

"அவுங்கல்லாம் செத்துருப்பாங்களே."

"ஆமா. எப்பவோ."

"அப்ப சாவு உங்களுக்குப் பழகியிருக்கும்" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. தச்சருக்கு உளி பழகியிருக்கும் என்பது போல, சாதாரணமாகச் சொன்னார்.

பழகவில்லை ஐயா என்று சொல்ல நினைத்தேன். நான் படிக்கிற செத்தவர்கள் எல்லாரும் எனக்குத் தெரியும் முன்பே செத்தவர்கள். அவர்களில் ஒருவர்கூட ஞாயிற்றுக்கிழமை எனக்குப் போன் செய்ததில்லை. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை.

சிதம்பரத்தில் மத்தியானச் சாப்பாடு தெற்கு வீதிப் பக்கம் ஒரு மெஸ்ஸில். கத்தரிக்காய் கொத்சு. பேராசிரியர் ஞானசேகர் எதிரே உட்கார்ந்திருந்தார். அவர் நூல் கோயில் விளக்குகளைப் பற்றியது. அந்தக் காலத்தில் அணையா விளக்கு எரிய நெய் வேண்டும் என்று இடையர்களிடம் ஆடுகளை ஒப்படைப்பார்கள். கல்வெட்டு அவற்றைச் 'சாவா மூவாப் பேராடு' என்று சொல்லும். ஆடு சாகாது, கிழடு தட்டாது. ஒன்று செத்தால் அதன் இடத்தில் இன்னொன்றை வைத்துவிட வேண்டும். எண்ணிக்கை குறையக் கூடாது.

"எம் புத்தகத்துல அந்த ஆட்டு அத்தியாயத்த மூணு தடவ படிச்சேன்னு அன்பழகன் போன் பண்ணாரு" என்றார். "எல்லாத்தையும் முழுசாப் படிச்ச ஒரே ஆளு. இன்னைக்கு அவருக்குப் பதிலா யாரோ ஒருத்தர போட்டிருக்காங்க. முன்னுரைய மட்டும் படிச்சிட்டு வந்திருக்காரு, எனக்கே தெரியுது." கொத்சைச் சாதத்தில் பிசைந்தபடியே இருந்தார். சாப்பிடவில்லை.

கூட்டம் ஒரு திருமண மண்டபத்தின் மாடி அறையில். கீழே யாருக்கோ நிச்சயதார்த்தம், நாதஸ்வரம் மாடி வரை வந்தது. மேடையில் மூன்று நாற்காலி. ஒன்றில் அன்புவின் படம், மாலையோடு. படத்தில் அவன் சட்டைப் பையில் பேனா. கழுத்தில் மாலையும் பையில் பேனாவுமாக ஆளே வேறு மாதிரி இருந்தான்.

முன்னுரையை மட்டும் படித்தவர் ஆடுகளைப் பற்றிப் பேசினார். ஞானசேகர் என் நூலை நன்றாகவே கிழித்தார். நான் பதில் சொன்னேன். பிறகு என் முறை. அமைப்பாளர் மைக்கைச் சரிசெய்யும் சாக்கில் அருகில் வந்து, "நாலு வார்த்தை" என்றார்.

நல்ல வார்த்தைகள் சொன்னேன். அவை பொய்யில்லை. வணிகர்களைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்த எங்களுக்குக் கப்பல் தானாக ஓடாது என்று காட்டியவன் அவன். அதைச் சொன்னேன். கைதட்டினார்கள். அங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் மல்லிகா வாசற்படிக்கு உள்ளே உட்கார்ந்திருப்பது நினைவுக்கு வந்தது.

"கடைசி அத்தியாயத்தை நான் ஏற்கவில்லை" என்றேன். மண்டபம் நிமிர்ந்தது. துணியைப் பற்றிச் சொன்னேன். வழக்கம் இருக்கிறது என்பதால் அதன் காரணம் நமக்குத் தெரிந்துவிட்டதாக ஆகாது என்றேன். துறைமுகத்தில் கேட்டேன், கட்டுகிறவர்களுக்கே தெரியவில்லை. கோயில் மரத்துக் கேள்வியையும் கேட்டேன். அன்புவுக்குத் தன் முன்னோர் கப்பலில் போயிருக்க வேண்டும் என்ற ஆசை இருந்தது, ஆசை சான்றாகிவிடாது என்றேன். சொல்லும்போது குரல் உடைந்தது. நிறுத்தவில்லை. பின்வரிசையில் அவனுடைய மாணவி ஒருத்தி என்னை எரித்துவிடுவது போலப் பார்த்தாள். அவள்மேல் எனக்கு வருத்தம் இல்லை.

முடித்ததும் அமைப்பாளர் நன்றியுரைக்கு எழுந்தார்.

"இன்னும் முடியலைங்க" என்றேன். "நூலாசிரியர் பதிலுக்குக் கால் மணி நேரம் இருக்கு."

அவருக்குப் புரியவில்லை. "மேடம், அவர்தான்…"

"அவருக்கு ஒதுக்குன நேரம்" என்று ஞானசேகர் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னார். "அவர்கிட்டயே இருக்கட்டும். வேற ஆளப் போடாதீங்க."

யாரும் பேசவில்லை. மைக் படத்தின் முன்னால் இருந்தது. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. கீழே நாதஸ்வரக்காரர் மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தார். நாலைந்து பேர் எழுந்து போனார்கள். யாருடைய போனோ அடித்தது. தாமதமாக வந்த பெரியவர் ஒருவர் உட்கார்ந்து, "இப்ப யாருப்பா பேசுறது?" என்று சத்தமாகக் கேட்டார். "பேச வேண்டியவரு இல்லீங்க" என்று யாரோ சொன்னார்கள். அந்த மாணவி முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். நான் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், காத்திருந்தேன். அந்தப் பதில் எதுவாக இருந்தாலும், என் மூக்கை உடைத்திருந்தாலும், அதைக் கேட்பதற்கு என் எல்லா நூல்களையும் கொடுத்திருப்பேன். நேரம் முடிந்தது. நன்றியுரை சொன்னார்கள்.

மறுநாள் கடலூருக்குத் திரும்பி, ஊருக்குக் கிளம்பும் முன் அந்த வீட்டுக்குப் போனேன். மல்லிகா கதவருகிலேயே நின்றாள்.

"கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"எல்லாத்தையுமா? மரத்தையும்?"

"மரத்தையும்."

நடந்ததை முழுதும் சொன்னேன். கால் மணி நேரம் சபை சும்மா உட்கார்ந்திருந்ததையும் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு உதடு லேசாகக் கோணியது.

"கால் மணி நேரமா? அவுரு தொண்டையச் செருமவே அது போதாதேக்கா."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும். சாவு விழுந்த வீடு என்பதை மறந்து கொஞ்சம் சத்தமாகவே சிரித்துவிட்டோம். பாயிலிருந்து அன்புவின் அம்மா தலையைத் தூக்கிப் பார்த்தார். வாயைப் பொத்திக்கொண்டோம். பொத்திய கைக்குள்ளேயே மல்லிகாவின் சிரிப்பு அழுகையானது. அவள் தலையை என் தோளில் வைத்துக்கொண்டு நின்றேன்.

நேரமாயிற்று. இந்த முறை வழக்கம் தவறவில்லை. படத்தைப் பார்த்தேன், யாரிடமும் எதுவும் சொல்லாமல் செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கினேன். தெருவில் சில அடி வைத்ததும் பின்னால் மல்லிகாவின் குரல் கேட்டது. வாசற்படிக்கு உள்ளேயே நின்றாள்.

"அக்கா, சொல்லிட்டுப் போங்க."

உள்ளே அம்மா இருக்கிறார் என்று கண்ணால் காட்டினேன்.

"அத்தைக்குக் கேக்கட்டும். எல்லாரும் சொல்லாமலே போறாங்க. அவுரும் அப்பிடித்தான் போனாரு. நீங்களாச்சும் சொல்லிட்டுப் போங்க."

நின்ற இடத்திலிருந்தே, "போயிட்டு வரேன்" என்றேன். சரியாக வரவில்லை. இன்னொரு தரம், உள்ளே கேட்கும்படி சொன்னேன்.

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. நேற்று மண்டபத்தில் இருந்தது போலவே இருந்தது. திரும்பி நடக்கலாம் என்று காலை எடுத்தபோது பாயிலிருந்து பதில் வந்தது.

"வாம்மா."